டிரிப்: பையைத் தொங்கவிடுவது முதல் பிரானுலாவைக் கழற்றுவது வரை

வார்டில் கட்டில் கிடைத்ததும் மிஸ்ஸி, அதாவது தாதி, வந்து கேட்பவை இரண்டு. எந்தக் கை வசதி? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? சற்று நேரத்தில் தலைக்கு மேல் ஒரு பை தொங்கும். "தண்ணி ஏத்திட்டாங்க" என்று வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகும், எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

அந்தத் தண்ணீர் ஒரு மருந்து. மாத்திரைக்கு இத்தனை மில்லிகிராம், இத்தனை வேளை என்று இருப்பதுபோல டிரிப்புக்கும் மணிக்கு இத்தனை மில்லி என்ற அளவு உண்டு. அளவு குறைந்தால் நோயாளி தேறமாட்டார். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். கட்டிலருகில் இருக்கும் வீட்டாரையும், தாதியர் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். ஊசி போடுவதும் வேகத்தை மாற்றுவதும் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டியவை. கவனிப்பதும், கேட்பதும், தாமதிக்காமல் கூப்பிடுவதும் யாரும் செய்யலாம். டிரிப்பால் வரும் கேடுகளில் பெரும்பாலானவற்றை முதலில் காண்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கண்கள்தான்.

பைக்குள் என்ன இருக்கிறது

எல்லாப் பையையும் "குளுக்கோஸ்" என்று சொல்லிவிடுகிறோம். கோலாலம்பூர், பினாங்கு வார்டுகளில் அதிகம் தொங்குவது நார்மல் சலைன், அதாவது 0.9% உப்பு நீர். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. அரை லிட்டர் பையில் 4.5 கிராம், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். சக்தி என்று பார்த்தால் அதில் எதுவும் இல்லை. இரத்தத்தின் உப்புச் செறிவுக்கு நெருக்கமாக இருப்பதால் இது இரத்த அணுக்களைச் சிதைக்காமல் ஓட்டத்தில் கலக்கிறது.

ஹார்ட்மன்ஸ் என்று எழுதிய பையில் உப்போடு பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் ஆகியவையும் உண்டு. அறுவை சிகிச்சை, தீக்காயம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் இதை அதிகம் பார்க்கலாம்.

டெக்ஸ்ட்ரோஸ் 5% தான் உண்மையான குளுக்கோஸ் பை. அரை லிட்டரில் 25 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை. அதில் கிடைப்பது 100 கலோரிக்கு மேல் போகாது, ஒரு கிண்ணம் சோற்றில் பாதி. "சாப்பிடவே இல்லை, குளுக்கோஸ் ஏத்தினால் தெம்பு வந்துடும்" என்று கேட்டு வாங்குவதில் அதனால் பயனில்லை. இதில் ஒரு அபாயமும் உண்டு. உடல் அந்தச் சர்க்கரையை எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர். உப்பில்லாமல் அதையே பை பையாக ஏற்றினால் இரத்தத்தில் சோடியம் சரிந்து தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகும். குழந்தைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நீரிழிவு உள்ளவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் தொங்கினால் பதறவேண்டாம். இன்சுலினோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய நேரங்கள் உண்டு. ஆனால் "இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, தெரியும்தானே?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பையின் அளவை வார்டில் பைண்ட் கணக்கில் சொல்வார்கள். ஒரு பைண்ட் என்றால் 500 மில்லி. பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லி, ஆனால் நம் வார்டுகளில் அந்தச் சொல் அரை லிட்டர் பைக்கே நின்றுவிட்டது. "நாலு பைண்ட், 24 மணி நேரம்" என்று சார்ட்டில் எழுதியிருந்தால் இரண்டு லிட்டர், மணிக்கு 83 மில்லி.

பைண்ட் கணக்கு பழையது. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலரா பரவியபோது தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டிக்கு அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட் உப்பு நீரை நரம்பு வழியே செலுத்தினார். ஒட்டிப்போன முகத்தில் உயிர் திரும்பியது. வேலை முடிந்தது என்று அவர் அகன்ற பிறகு வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. மீண்டும் ஏற்றப்படாமல் சில மணி நேரத்தில் அந்த மூதாட்டி இறந்துபோனார். எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்த்துப் பார்த்து ஈடுசெய்ய வேண்டும் என்பதை அன்றே அந்தக் கட்டில் காட்டிவிட்டது.

பையை எடுப்பதும் குழாயை நிரப்புவதும்

பயிற்சியில் இருப்பவர்கள் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. சார்ட்டில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் நோயாளியின் கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள். "நீங்கள் முனியம்மாவா?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டுவார்கள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள்.

2. பையில் உள்ள திரவத்தின் பெயர், செறிவு, காலாவதித் தேதி மூன்றையும் படியுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கலங்கலோ துகளோ இருக்கக்கூடாது. இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள், ஒரு துளி கசிந்தாலும் அந்தப் பை வேண்டாம்.

3. கை கழுவுங்கள். குழாயின் ரோலர் கிளாம்ப்பை, அதாவது ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை, முழுக்க மூடுங்கள். மூடாமல் குத்தினால் திரவம் பாய்ந்து குழாய் முழுக்கக் குமிழி நிறையும்.

4. பையின் வாயில் குழாயின் கூர்முனையை நேராக, முறுக்கிச் செருகுங்கள். சாய்த்துச் செருகினால் பக்கச் சுவர் கிழியும். கூர்முனை விரலிலோ பையின் வெளிப்பக்கத்திலோ பட்டுவிட்டால் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது எடுங்கள்.

5. பையைத் தொங்கவிட்டு, சொட்டு விழும் சிறு அறையான டிரிப் சேம்பரை அழுத்தி விட்டு பாதி வரை நிரப்புங்கள். பாதிக்கு மேல் போனால் சொட்டு எண்ண முடியாது. மிகக் குறைந்தால் காற்று கீழே இறங்கும்.

6. கிளாம்ப்பை மெல்லத் திறந்து திரவத்தைக் குழாயின் நுனிவரை ஓடவிடுங்கள். இடையில் உள்ள ஊசி போடும் வாய்களைத் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டினால் அங்கே ஒளிந்திருக்கும் குமிழிகள் மேலேறும். நுனி மூடியைக் கையில் இணைக்கும் நேரம் வரை கழற்றாதீர்கள்.

கண்ணாடி பாட்டிலுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் மட்டும் குழாயின் காற்று வாயைத் திறக்கவேண்டும். உள்ளே காற்று போனால்தான் திரவம் இறங்கும். தானே சுருங்கும் பைக்கு அது தேவையில்லை.

எந்தக் கை, எந்த நிறம்

டிரிப்புக்காகக் கை நரம்புக்குள் செருகும் குழலை மலேசியாவில் டாக்டர் முதல் நோயாளி வரை எல்லாரும் பிரானுலா என்றே சொல்கிறோம். பி. பிரவுன் நிறுவனத்தின் பிரவுனுலே என்ற வணிகப் பெயர் நம் வாயில் இப்படி ஆயிற்று. அந்த நிறுவனத்துக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972 முதல் தொழிற்சாலை உண்டு, உலகின் பல நாடுகளுக்கு இந்தக் குழல்கள் அங்கிருந்து போகின்றன. நோயாளிகள் அடிக்கடி பயப்படுவதால் சொல்கிறோம்: போட்டு முடித்த பிறகு கையில் ஊசி இல்லை. இழைபோன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழல் மட்டுமே உள்ளே இருக்கிறது. கையை இயல்பாக அசைக்கலாம்.

பிரானுலாவின் மூடி நிறம் அதன் பருமனைச் சொல்லும். மஞ்சள் 24 கேஜ், குழந்தைகளுக்கும் மெல்லிய நரம்புள்ள முதியோருக்கும். நீலம் 22, சாதாரண டிரிப்புக்கும் ஆண்டிபயாடிக்குக்கும் போதும். இளஞ்சிவப்பு 20, பெரியவர்களுக்கு வழக்கமானது. பச்சை 18, இரத்தம் ஏற்றவும் அறுவை சிகிச்சைக்கும். சாம்பல் 16, ஆரஞ்சு 14, விபத்திலோ பிரசவத்திலோ இரத்தம் கொட்டும்போது. கேஜ் எண் ஏற ஏறக் குழல் மெலியும். முழுக்கத் திறந்துவிட்டால் நீலத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 36 மில்லியும், இளஞ்சிவப்பில் 60 மில்லியும், பச்சையில் 90 மில்லியும் ஓடும். ஒரே நீளக் குழலில் உள்விட்டம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு ஆகும் என்பது இயற்பியல் விதி. அவசரத்தில் டாக்டர் பெரிய பிரானுலாவைப் பிடிவாதமாகத் தேடுவதற்குக் காரணம் இதுதான். மற்ற நேரங்களில் வேலைக்குப் போதுமான மிகச் சிறியதே நல்லது, நரம்பின் சுவர் குறைவாக உரசும்.

நாம் வலது கையால் சாப்பிடுகிறவர்கள். இடது கையில், முன்னங்கையில் போடச் சொல்லிக் கேட்கலாம். முழங்கை மடிப்பும் மணிக்கட்டும் மடங்கும் இடங்கள், அங்கே போட்டால் கை மடங்கும்போதெல்லாம் ஓட்டம் நிற்கும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் நரம்பையும் இணைக்கும் அறுவை) செய்த கையிலும், மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையிலும் போடவே கூடாது. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

வளையலையும் மோதிரத்தையும் முதலிலேயே கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கை வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். மணிக்கட்டில் கட்டிய காப்புக் கயிறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதை மறு கைக்கு மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

செருகுவது

செருகும் இடத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே டூர்னிக்கே (இறுக்குப் பட்டை) கட்டுங்கள், ஓரிரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்காதீர்கள். நரம்பு எழவில்லை என்றால் கையைக் கீழே தொங்கவிட்டு, விரலை மடக்கி விரிக்கச் சொல்லி, வெதுவெதுப்பான துணி வையுங்கள். ஏர்கண்டிஷன் குளிரில் நரம்பு சுருங்கிக்கொள்ளும்.

ஆல்கஹாலில் கலந்த 2% குளோர்ஹெக்சிடினால் 30 விநாடி தேய்த்து, 30 விநாடி தானாக உலரவிடுங்கள். ஊதக்கூடாது. உலர்ந்த பிறகு "எங்கே இருந்தது" என்று விரலால் மறுபடி தடவிப் பார்ப்பது மிகப் பரவலான தவறு. தடவினால் மீண்டும் துடைக்க வேண்டும்.

தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, 10 முதல் 30 டிகிரி சாய்வில் செருகுங்கள். பின்புற அறையில் இரத்தம் தெரிந்தவுடன் நிறுத்திச் சாய்வைக் குறைத்து, இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். ஊசிமுனை நரம்புக்குள் போனாலும் பிளாஸ்டிக் குழலின் வாய் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இரண்டு மில்லிமீட்டரை விட்டுவிடுவதால்தான் "இரத்தம் வந்தது, ஆனா உள்ளே போகலை" என்ற நிலை வருகிறது. பிறகு ஊசியை அசைக்காமல் குழலை மட்டும் முன்னே வழுக்கவிட்டு, டூர்னிக்கேயை அவிழ்த்து, குழல் நுனிக்கு மேலே நரம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை உருவி நேரே ஊசிப் பெட்டிக்குள் போடுங்கள். வெளியே எடுத்த ஊசியை எக்காரணத்துக்கும் மறுபடி குழலுக்குள் செருகாதீர்கள். அது குழலை அறுத்து, துண்டு இரத்தத்தோடு போய்விடும்.

5 மில்லி சலைனை மெல்லச் செலுத்திப் பாருங்கள். தடையோ வலியோ வீக்கமோ இல்லையென்றால் ஊடுருவித் தெரியும் ஒட்டியை ஒட்டி, தேதியும் நேரமும் எழுதுங்கள். ஒருவர் இரண்டு முறை முயன்றும் கிடைக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவது நல்ல வழக்கம். வீட்டாரும் அதைத் தன்மையாகக் கேட்கலாம்.

சொட்டுக் கணக்கு

இதைக் கற்றுக்கொண்டால் பம்ப் இல்லாத கட்டிலிலும் டிரிப் சரியாக ஓடுகிறதா என்று கைபேசிக் கடிகாரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

குழாய் வந்த உறையில் எத்தனை சொட்டு ஒரு மில்லி என்று அச்சிட்டிருக்கும். பெரியவர்களுக்கான சாதாரணக் குழாயில் பெரும்பாலும் 20 சொட்டு. 15 சொட்டுக் குழாய்களும் உண்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ குழாயில் 60 சொட்டு. மில்லியைச் சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கிடைக்கும்.

ஒரு பைண்ட் 6 மணி நேரத்தில் முடியவேண்டும் என்றால் 500 பெருக்கல் 20, 10,000. அதை 360ஆல் வகுத்தால் 28 சொட்டு. 8 மணி நேரம் என்றால் 21. 4 மணி நேரம் என்றால் 42. 12 மணி நேரம் என்றால் 14. மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி: 20 சொட்டுக் குழாயில் மணிக்கு எத்தனை மில்லியோ அதை மூன்றால் வகுங்கள். 15 சொட்டுக் குழாயில் நான்கால் வகுங்கள். 60 சொட்டுக் குழாயில் வகுக்கவே வேண்டாம், மணிக்கு 40 மில்லி என்றால் நிமிடத்துக்கு 40 சொட்டு.

15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதைவிட முழு நிமிடம் எண்ணுவது நல்லது. 15 விநாடியில் ஒரு சொட்டு தவறினால் நிமிடத்தில் நான்கு சொட்டு பிசகும்.

சரியாக வைத்துவிட்டுப் போன வேகம் அப்படியே நிற்காது என்பதைப் புதியவர்கள் நம்பமாட்டார்கள். கிளாம்ப்பின் கீழே நசுங்கிய பிளாஸ்டிக் மெல்ல மெல்ல உருமாறும். நோயாளி எழுந்து உட்கார்ந்தாலோ கட்டிலை உயர்த்தினாலோ பைக்கும் இதயத்துக்கும் உள்ள உயரம் குறைந்து ஓட்டம் தளரும். படுத்தால் வேகம் கூடும். அதனால் முதல் 15 நிமிடத்தில் ஒரு முறையும், பிறகு மணிக்கு ஒரு முறையும் எண்ணுங்கள். பையின் பக்கத்தில் ஒரு வெள்ளை நாடாவை நெடுக ஒட்டி, எந்த மணிக்கு எந்தக் கோட்டில் நீர் நிற்கவேண்டும் என்று குறித்துவைத்தால் தூரத்திலிருந்தே தெரியும். பின்தங்கிவிட்டால் விட்டதைப் பிடிக்க வேகமாகத் திறந்துவிடக் கூடாது. டாக்டரிடம் சொல்லிப் புதிதாகக் கணக்குப் போடவேண்டும்.

பம்ப் வைத்திருந்தால் எண்ண வேண்டாம், ஆனால் பார்க்காமலும் இருக்க வேண்டாம். குழல் நரம்பைவிட்டு வெளியே வந்துவிட்டாலும் பம்ப் சதைக்குள் தள்ளிக்கொண்டேயிருக்கும், பல நேரம் அலாரமே அடிக்காது. அலாரம் அடித்தால் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு உட்காராதீர்கள்.

ஓடவில்லையா? மேலிருந்து கீழே பாருங்கள்

பை தீர்ந்துவிட்டதா, பாட்டிலின் காற்று வாய் மூடியிருக்கிறதா? சேம்பர் முழுக்க நிறைந்து சொட்டே தெரியவில்லையா? ரோலர் கிளாம்ப், நடுவில் உள்ள மூவழித் திருகு இரண்டும் திறந்திருக்கின்றனவா? குழாய் நோயாளியின் முதுகுக்கு அடியிலோ கட்டில் கம்பியிலோ நசுங்குகிறதா? முழங்கை மடங்கியிருக்கிறதா? அதே கையில் இரத்த அழுத்தப் பட்டை சுற்றியிருக்கிறதா? பாதிக்கு மேற்பட்ட தொல்லை இங்கேயே தீர்ந்துவிடும்.

இவையெல்லாம் சரி என்றால் கடைசியாகக் கை. வீங்கியிருந்தால் எதையும் திறக்க வேண்டாம், மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். வீங்காமல் அடைத்திருந்தால் இரத்தக் கட்டி இருக்கலாம். சிரிஞ்சால் முழுப் பலம் கொடுத்துத் தள்ளினால் கட்டி உள்ளே போய்விடும். பையைப் பிழிவதும் குழாயை விரலில் சுற்றி உருவுவதும் அதே தவறுதான்.

கழிவறைக்குப் போகும்போது பையைக் கையில் பிடித்து இடுப்பளவில் தாழ்த்திவிடுவதால் குழாய்க்குள் இரத்தம் ஏறும். பார்க்கப் பயமாக இருக்கும். பையை உடனே தலைக்கு மேல் தூக்கினால் தானே இறங்கிவிடும். அப்படியே விட்டால் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

குழாயில் ஒரு குமிழி தெரிந்ததும் பலர் கூக்குரலிடுகிறார்கள். கையில் ஓடும் டிரிப்பில் ஓரிரு சிறு குமிழிகள் நுரையீரலில் வடிகட்டப்பட்டுக் கரைந்துவிடும். ஆபத்து வருவது பெருமளவு காற்று வேகமாகப் போகும்போது. பச்சிளம் குழந்தைக்கும், இதயத்தில் ஓட்டை உள்ளவருக்கும், கழுத்து நரம்பில் குழல் போட்டவருக்கும் சிறு குமிழியையும் அனுமதிக்கக் கூடாது. பை தீர்ந்துபோனால் காற்று நேரே இதயத்துக்குப் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். புவியீர்ப்பில் ஓடும் டிரிப்பில் நரம்பின் அழுத்தத்துக்குச் சமமான உயரத்தில் நீர் நின்றுவிடும். கவனிக்க வேண்டிய நேரம் அடுத்த பையை மாட்டும் நேரம். குழாயில் இறங்கியிருக்கும் காற்றை வெளியேற்றாமல் புதுப் பையைத் திறந்தால் அந்தக் காற்று முழுவதையும் புதிய நீர் தள்ளிக்கொண்டு போகும்.

கையைப் பார்ப்பது எப்படி

நாலு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போர்வையை விலக்கி, இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

குளிர்ந்து, வெளிறி, தோல் இறுகி வீங்கியிருந்தால் நீர் சதைக்குள் இறங்குகிறது. சிவந்து, சூடாகி, தொட்டால் வலித்து, நரம்பு கயிறுபோல் தட்டுப்பட்டால் நரம்பு அழற்சி. வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்துவிட்டால் பிரானுலாவை எடுத்து வேறிடத்தில் போடவேண்டும். "இன்னும் ஒரு பைண்ட்தான், ஓடட்டும்" என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வது தவறு. பொட்டாசியம், கீமோ மருந்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து ஓடும்போது எரிச்சல் என்று நோயாளி சொன்னால் அந்த நொடியே சொல்லுங்கள். அவை சதைக்குள் கசிந்தால் தோலே கருகிப்போகலாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து ஒட்டி கிளம்பிவிடும். ஓரம் பிரிந்த ஒட்டியின் மேல் இன்னொரு பிளாஸ்திரி ஒட்டாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். குளிக்கும்போது பிளாஸ்டிக் பை சுற்றி, கையை நீரில் படாமல் வைத்துக்கொள்ளவும்.

மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் இந்த நாலு மலாய் வாக்கியங்களையும் தெரிந்துவைத்திருப்பது உதவும். நீர் தீர்ந்துவிட்டால் "ஆயர் சுடா ஹாபிஸ்". ஓடவில்லை என்றால் "ஆயர் தாக் ஜாலான்". கை வீங்கியிருந்தால் "தாங்கான் பெங்காக்". மூச்சுத் திணறினால் "டியா சுசா பெர்னாபாஸ்". கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது காத்திருக்க வேண்டாம், தாதியர் மேசைக்கு நடந்து போய்ச் சொல்லுங்கள்.

மூச்சு வாங்குதல், படுக்க முடியாமல் எழுந்து உட்காருதல், விடாத இருமல், கண் இமையும் காலும் வீங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவை நீர் மிஞ்சிப்போனதன் அடையாளங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் இது வெகு விரைவில் வரும். தலைப்பக்கக் கட்டிலை உயர்த்தி, நிமிர்ந்து உட்காரவைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது: வரவு செலவுக் கணக்கு. குடித்த மைலோ ஒரு குவளை, கஞ்சி அரைக் கிண்ணம், சிறுநீர் அளவுக் குடுவையில் எத்தனை மில்லி, வாந்தி எத்தனை முறை என்று நேரத்தோடு எழுதிவையுங்கள். பெரியவருக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் மணிக்கு அரை மில்லி சிறுநீராவது வரவேண்டும். 60 கிலோ எடைக்கு 30 மில்லி. டாக்டர் அடுத்த பைண்ட்டைத் தீர்மானிப்பது இந்தத் தாளைப் பார்த்துத்தான்.

பையில் மருந்து சேர்க்கும்போது

"ஒவ்வொரு பைண்ட்டிலும் 1 கிராம் கேசிஎல்" என்ற உத்தரவு நம் வார்டுகளில் சகஜம். 1 கிராம் பொட்டாசியம் குளோரைடு 13.4 மில்லிமோல். சாதாரண வார்டில், கை நரம்பில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் போகக்கூடாது, அதிகமானால் இதயம் நின்றுவிடும். தொங்கிக்கொண்டிருக்கும் பையில் அதைச் செலுத்தினால் கனமான மருந்து அடியில் தேங்கி முதலில் அதுவே இறங்கும். பையைக் கழற்றி, சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, மருந்தின் பெயர், அளவு, நேரம் எழுதிய சீட்டை ஒட்டிய பிறகே மாட்டவேண்டும். அந்தச் சீட்டு உள்ள பையின் கிளாம்ப்பை வீட்டார் தொடவே கூடாது.

செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆண்டிபயாடிக்கும் ஹார்ட்மன்ஸும் கலந்தால் கால்சியம் படிந்து துகளாகும். வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸில் போட்டால் படிகமாகும், அதற்குச் சலைன் மட்டுமே. இரத்தம் ஏற்றும் குழாயிலும் சலைனைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது. இரத்தப் பையை நாலு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். முதல் 15 நிமிடம் நோயாளியைவிட்டு நகராதீர்கள். குளிர், முதுகுவலி, அரிப்பு, மூச்சுத்திணறல் எது வந்தாலும் நிறுத்த வேண்டியது அந்த இரத்தத்தைத்தான், பிறகுதான் மற்ற விசாரணை.

டிங்கியில் டிரிப்

கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வார்டை நிரப்புவது டிங்கி என்பதால் இதைத் தனியாகச் சொல்லவேண்டும். டிங்கியில் டிரிப்பின் அளவு மணிக்கு மணி மாறும். அதைப் புரிந்துகொள்ளாததால் வீட்டார் இரண்டு முறை தவறாகக் கவலைப்படுகிறார்கள், அல்லது தவறாக நிம்மதியடைகிறார்கள்.

முதல் தவறு காய்ச்சல் விட்டதும் வருவது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. இரத்தக் குழாய்ச் சுவர் வழியே நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். குழாய்க்குள் இரத்தம் கெட்டியாகும். அதை ஹிமடோகிரிட் என்ற எண் காட்டும். எல்லாரும் பிளேட்லெட் எண்ணையே கேட்கிறார்கள். டிரிப்பின் வேகத்தை முடிவு செய்ய டாக்டர் பார்ப்பது ஹிமடோகிரிட்டையும், நாடியையும், சிறுநீரையும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மலத்திலோ இரத்தம், சோர்ந்து துவளுதல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள்.

எச்சரிக்கை அடையாளம் உள்ளவருக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி சொல்லும் வரிசை: முதல் ஓரிரு மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி, அடுத்த இரண்டிலிருந்து நாலு மணி நேரம் 3 முதல் 5 மில்லி, பிறகு 2 முதல் 3 மில்லி. ஒவ்வொரு படியிலும் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 300 மில்லியில் தொடங்கினால், 20 சொட்டுக் குழாயில் நிமிடத்துக்கு 100 சொட்டு. பிறகு 180 மில்லி என்றால் 60 சொட்டு, 120 மில்லி என்றால் 40. மிகப் பருமனானவருக்கு உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடுவார்கள்.

இரண்டாம் தவறு டிரிப்பை நிறுத்தும்போது. கசிந்த நீர் தானே இரத்தத்துக்குத் திரும்பத் தொடங்கும் கட்டத்தில் பசி எடுக்கும், சிறுநீர் நிறையப் போகும், உள்ளங்கை காலில் அரிப்பு வரும். அப்போது டிரிப் தொடர்ந்தால் இரண்டு பக்கத்து நீரும் சேர்ந்து நுரையீரலை நிரப்பும். "பிளேட்லெட் இன்னும் ஏறலையே, ஏன் கழட்டுறீங்க?" என்று சண்டை பிடிக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் கழற்றுவதே சிகிச்சை.

குடிக்க முடிகிறவருக்கு, எச்சரிக்கை அடையாளம் எதுவும் இல்லாதபோது, வாயால் கொடுப்பதே போதும். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றாமல் ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல்), கஞ்சித் தண்ணீர், பார்லி, இளநீர், பால் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியுள்ள அளவு நீரில் மட்டுமே கரைக்கவேண்டும். சாதாரண வயிற்றுப்போக்குக்கும் இதுவேதான். குடல் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து உறிஞ்சும் வழி திறந்திருக்கும்வரை நரம்பைக் குத்த வேண்டியதில்லை.

தெம்புக்கும் நிறத்துக்கும் ஏற்றும் டிரிப்

கிளாங் பள்ளத்தாக்கின் கடைத்தொகுதிகளில் வைட்டமின் சி, குளுட்டாதையோன் டிரிப் விளம்பரங்கள் பெருகிவிட்டன. கல்யாணத்துக்கு முன் நிறம் வெளுக்க என்று நம் பெண் பிள்ளைகளும் போகிறார்கள். தோல் வெளுக்க ஊசிவழி குளுட்டாதையோன் ஏற்ற மலேசியாவில் அனுமதி இல்லை. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்படி பதிவு பெறாத அழகு நிலையத்தில் யாரும் டிரிப் போட முடியாது. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்கு அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்யப்படுகிறது. உங்கள் பிறப்புப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், அல்லது அம்மாவைக் கேளுங்கள்.

கழற்றும்போது

தேவை முடிந்த அன்றே பிரானுலாவை எடுத்துவிடவேண்டும். "நாளைக்கு வேணும்னா இருக்கட்டும்" என்று விட்டுவைத்த குழல்தான் கிருமிக்கு வாசல். மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் ஒட்டியில் எழுதிய தேதியைக் காட்டிக் கேளுங்கள். நரம்பு நன்றாக இருந்தால் தொடரலாம் என்று பல மருத்துவமனைகள் இன்று முடிவெடுக்கின்றன, ஆனால் அது பார்த்து எடுத்த முடிவாக இருக்கவேண்டும், மறந்ததாக இருக்கக்கூடாது.

கிளாம்ப்பை மூடி, ஒட்டியைக் குழலை நோக்கி உரித்து, உலர்ந்த பஞ்சை வைத்து, குழலை நேராக மெல்ல உருவுங்கள். வெளியே வந்த பிறகு அழுத்தினால் போதும். வரும்போதே அழுத்தினால் வலிக்கும். சாதாரணமாக இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்கு ஐந்து நிமிடமாவது. முழங்கையை மடக்கிவைத்தால் உள்ளே இரத்தம் கட்டும், கையை நீட்டி உயர்த்திப் பிடிக்கட்டும். எடுத்த குழலின் நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வீசுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு நாள் அந்த இடத்தைப் பாருங்கள். லேசான நீலம் பூத்துத் தானே மறையும். சிவப்பு மேல்நோக்கிக் கோடாகப் படர்ந்தாலோ, சீழ் வந்தாலோ, குளிர்க் காய்ச்சல் அடித்தாலோ எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் அந்தக் கையைக் காட்டுங்கள்.